மேடேறத் திணறும் பழைய பிக்கப்: பலம் கூட்டும் முன் ஒரு கணக்கு

ஆயக்குடி கொய்யாச் சந்தையில் லோடு ஏற்ற நிற்கும் வண்டிகளை வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தால் ஒன்று கண்ணில் படும். பெயிண்ட் மங்காத புது வண்டிக்குப் பக்கத்தில் நிற்பவர் பல நேரம் சம்பளத்துக்கு ஓட்டுகிறவர். பத்துப் பதினைந்து வருடம் ஓடிய, கதவு துருப்பிடித்த பிக்கப்புக்குப் பக்கத்தில் நிற்பவர்தான் அந்த வண்டிக்குச் சொந்தக்காரர். எங்கள் காலனியிலிருந்து போய் அங்கே நிற்பவர்கள் இந்த இரண்டாம் வகை. தாத்தா தோப்பில் கூலிக்குப் பழம் பறித்தவர். அப்பா பெட்டி தூக்கியவர். மகன் முதலில் கிளீனர், பிறகு டிரைவர், இன்று ஃபைனான்ஸில் எடுத்த செகண்ட் ஹேண்ட் வண்டிக்கு ஓனர். மூன்று தலைமுறை நடந்து வந்த தூரம் அந்தப் பழைய வண்டியில் இருக்கிறது.

அந்த வண்டியைப் பற்றி அவர்களிடம் கேட்டால் வரும் முதல் குறை ஒன்றுதான். “மேடேறினா இழுக்க மாட்டேங்குது.”

இந்தக் குறைக்கு ஒர்க் ஷாப்பில் உடனே கிடைக்கும் மருந்து பம்ப் திருகைக் கூட்டி வைப்பது. பத்து நிமிட வேலை, செலவும் குறைவு. மறுநாளே வண்டி சீறிக்கொண்டு போகும். என் பெரியப்பா மகன் வண்டிக்கும் அப்படித்தான் செய்தார்கள். இரண்டு வாரம் அண்ணன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். மூன்றாவது வாரம் கொடைக்கானல் சாலையில் முழு லோடோடு ஏறும்போது ஹெட் கேஸ்கெட் போனது. பிரித்துப் பார்த்தால் ஒரு பிஸ்டனின் தலையே உருகியிருந்தது. எஞ்சின் வேலைக்குக் கடன் வாங்கினார். வண்டி ஓடாத நாட்களுக்கு டியூ நிற்கவில்லை. கடைசியில் வண்டி ஃபைனான்ஸ்காரரிடம் போனது. அண்ணன் மறுபடியும் இன்னொருவர் வண்டிக்கு டிரைவராகப் போனார். எஞ்சினைச் சரிசெய்துவிடலாம். ஓனராக இருந்தவர் மறுபடி கூலிக்கு ஸ்டீயரிங் பிடிப்பதை எந்த ஒர்க் ஷாப்பிலும் சரிசெய்ய முடியாது.

அதனால்தான் இந்த வாரம் பழைய டீசல் பிக்கப்பின் பலத்தைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

டிராக்டர் வழி வந்த எஞ்சின்

நம் பக்கத்துப் பழைய பிக்கப்புகளில் அதிகம் பார்ப்பது மகிந்திராவின் 2,523 சிசி டீசல் எஞ்சினும், டாடா 207-இல் வந்த 2,956 சிசி எஞ்சினும். இரண்டுக்கும் நான்கு சிலிண்டர்.

மகிந்திரா எஞ்சினின் சிலிண்டர் அகலம் 88.9 மில்லிமீட்டர்; பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 101.6 மில்லிமீட்டர். அங்குலத்தில் சொன்னால் சரியாக மூன்றரையும் நான்கும். இந்த அளவே அதன் பூர்வீகத்தைச் சொல்லிவிடும். 1963-இல் மகிந்திரா நிறுவனம் அமெரிக்காவின் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டரோடு சேர்ந்து இங்கே டிராக்டர் செய்யத் தொடங்கியது. அந்த டிராக்டர் எஞ்சின் வழி வந்ததுதான் இது. டாடா எஞ்சினுக்கு 497 என்று பெயர். நான்கு சிலிண்டர், 97 மில்லிமீட்டர் அகலம் என்பதே அந்த எண்ணின் பொருள்.

இரண்டும் வேகத்துக்குப் பிறந்தவை அல்ல. குறைந்த சுற்றில் நின்று இழுப்பதற்குப் பிறந்தவை. பழைய மகிந்திரா டிஐ வண்டிகளின் திறன் 60 குதிரைத்திறனை ஒட்டித்தான் இருக்கும். இன்றைய வண்டிகளோடு பார்த்தால் குறைவு. ஆனால் அந்த 60-ம் முழுசாக இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. பதினைந்து வருடம் ஓடிய எஞ்சினில் கால் பங்கு பலம் சத்தமில்லாமல் கரைந்திருந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. தினமும் ஓட்டுகிறவருக்கு அது தெரியாது. கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவதால் பழகிவிடும்.

டீசலைக் கூட்டினால் போதாது

டீசல் எஞ்சினின் பலம் இரண்டு பொருளின் சேர்க்கை: டீசல், காற்று. ஒரு கிலோ டீசல் முழுசாக எரிய ஏறக்குறைய பதினான்கரை கிலோ காற்று வேண்டும். புகையில்லாமல் எரிய அதற்கும் மேலே வேண்டும். டர்போ இல்லாத எஞ்சின் தானே உறிஞ்சும் காற்றை வைத்துத்தான் பிழைப்பு நடத்துகிறது. பம்ப் திருகைக் கூட்டினால் டீசல் கூடும்; காற்று கூடாது. எரியாத டீசல் கரும்புகையாக வெளியே போகும். உள்ளே வெப்பம் ஏறிக்கொண்டே போகும். பிஸ்டன் அலுமினியக் கலவையில் செய்தது. அலுமினியம் உருகும் சூடு 660 டிகிரி செல்சியஸ். என் அண்ணன் வண்டியில் நடந்தது இதுதான்.

மலையில் இது இன்னும் மோசம். பழனியிலிருந்து கொடைக்கானலுக்குச் சாலை 64 கிலோமீட்டர். அந்தத் தூரத்துக்குள் 7,000 அடி உயரத்துக்குப் போய்விடுகிறோம். அங்கே காற்றின் அடர்த்தி கீழே இருப்பதைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத வண்டி மேலே போகப் போக மூச்சிரைப்பதற்குக் காரணம் அதுவே. காற்று குறையும் இடத்தில் டீசலைக் கூட்டி அனுப்புவது, மூச்சு முட்டுகிறவன் வாயில் சோற்றைத் திணிப்பது போல.

பம்பின் அந்தத் திருகுக்கு ஈயச் சீல் வைத்து அனுப்புவது சும்மா இல்லை. அதைத் தொட வேண்டியவர் டெஸ்ட் பெஞ்ச் வைத்திருக்கும் பம்ப் சர்வீஸ்காரர் மட்டுமே.

முதலில் இழந்ததை மீட்போம்

பலம் கூட்டுவதில் மலிவான வழி, போன பலத்தைத் திரும்பப் பெறுவது. செலவு குறைந்ததிலிருந்து வரிசையாக வரலாம்.

ஏர் கிளீனர்: மண் சாலைத் தோப்புகளுக்குள் போய் வரும் வண்டிக்கு, புத்தகத்தில் போட்ட கிலோமீட்டர் வரை காத்திருக்கக் கூடாது. அடைத்த ஏர் கிளீனரோடு ஓட்டுவது மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவதற்குச் சமம். ஆயில் ஊற்றும் பழைய வகை என்றால் அடியில் படிந்த சேற்றைக் கழுவிப் புது ஆயில் ஊற்ற வேண்டும்.

டீசல் ஃபில்டர்: தண்ணீர் இறங்கியிருந்தால் வடித்துவிட வேண்டும். டேங்கிலிருந்து பம்புக்கு வரும் குழாயில் நூலளவு கசிவு இருந்தாலும் காற்று புகும். மேட்டில் வண்டி திக்கும்.

டாப்பெட்: வால்வு இடைவெளி தளர்ந்தாலும் இறுகினாலும் பலம் போகும். ஒரு காலை நேர வேலை.

நாசில்: நான்கையும் கழற்றிச் சோதனைக் கருவியில் வைத்தால், பனி போலத் தூவுகிறதா, ஒழுகுகிறதா என்று கண்ணாலேயே பார்க்கலாம். ஒழுகும் நாசில் பலத்தையும் தின்னும், பிஸ்டனையும் தின்னும். நாசிலுக்குப் பிறகு பம்ப் டைமிங்கைப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

டர்போ உள்ள வண்டியானால் ரப்பர் ஹோஸ் வெடித்திருக்கிறதா, கிளிப் தளர்ந்திருக்கிறதா, இன்டர்கூலரில் ஆயில் தேங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கிழிந்த ஹோஸோடு வண்டி டர்போவே இல்லாதது போலத்தான் ஓடும்.

ரேடியேட்டர்: பாதி அடைத்த ரேடியேட்டரோடு எந்த எஞ்சினும் மேடேறாது. சூடு ஏறுகிறது என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது வழக்கமாகிவிட்டது. அது வைத்தியம் இல்லை; நோயை மறைப்பது.

சில நேரம் குற்றம் எஞ்சினில் இருக்காது. கிளட்ச் பிளேட் தேய்ந்திருந்தால் எஞ்சின் சத்தம் ஏறும், வேகம் ஏறாது. பிரேக் பிடித்துக்கொண்டே ஓடினால் சக்கரத்தின் நடுப்பகுதி கை வைக்க முடியாமல் கொதிக்கும். காற்று குறைந்த டயரும் பலத்தைக் குடிக்கும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் இழுக்கவில்லை என்றால் கடைசியில் கம்ப்ரஷன். வண்டி ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று வருவதை நம் மெக்கானிக்குகள் ‘பேக் கம்ப்ரஷன்’ என்பார்கள். கேஜ் வைத்து நான்கு சிலிண்டரையும் அளக்கச் சொல்ல வேண்டும். ஒன்றுக்கொன்று பெரிய வித்தியாசம் இருந்தால் ரிங், லைனர், வால்வு வேலை இருக்கிறது. அந்த வேலையைச் செய்யாமல் வேறு எதைக் கூட்டினாலும் ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவதுதான்.

டர்போ வைக்கலாமா?

டர்போ இல்லாத எஞ்சினுக்கு டர்போ வைப்பது என்பது உண்மையிலேயே பலத்தைக் கூட்டும் வழி. டர்போ காற்றை அழுத்தி அனுப்புகிறது. அழுத்தும்போது காற்று சூடாகும். இன்டர்கூலர் அதைக் குளிர வைத்து இன்னும் அடர்த்தியாக்குகிறது. காற்று கூடுவதால் கூடுதல் டீசலும் ஒழுங்காக எரியும். கம்பெனிகளே பிந்தைய மாடல்களில் இதைத்தான் செய்தன.

ஆனால் கம்பெனி டர்போ வைத்தபோது அதோடு சேர்த்துப் பிஸ்டனை மாற்றியது. ஆயில் போகும் வழியை, கேஸ்கெட்டை, ரேடியேட்டரை மாற்றியது. நாம் பழைய உதிரிச் சந்தையில் ஒரு டர்போ வாங்கிப் பழைய எஞ்சினில் பூட்டும்போது மற்றவற்றை மாற்றுவதில்லை. தேய்ந்த எஞ்சினுக்கு அது கூடுதல் பலம் இல்லை, கூடுதல் பாரம்.

கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் ஓடும் சிஆர்டிஐ வண்டிகளுக்கு ரீமேப், டியூனிங் பாக்ஸ் என்று விற்கிறார்கள். அதுவும் திருகு வேலையின் புது வடிவமே. டர்போவுக்கு இன்னும் கொஞ்சம் அழுத்தம், நாசிலுக்கு இன்னும் கொஞ்சம் டீசல். எஞ்சின் நல்ல ஆரோக்கியத்தில் இருந்தால் தாங்கலாம். நாள் முழுவதும் லோடு ஏற்றி ஓடும் பழைய வண்டிக்கு அந்தப் பந்தயம் வேண்டாம்.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம். எட்டு வருடம் தாண்டிய சரக்கு வண்டிக்கு எஃப்.சி. வருடாவருடம். புகைச் சோதனையில் பிஎஸ் 4-க்கு முந்தைய டீசல் வண்டிக்கு 65, பிஎஸ் 4-க்கு 50 ஹார்ட்ரிட்ஜ் அலகு என்பது எல்லை. திருகு கூட்டிய வண்டி அங்கேயே மாட்டிக்கொள்ளும். விபத்து நடந்துவிட்டால் இன்சூரன்ஸ்காரர் முதலில் தேடுவதும் இப்படிப்பட்ட காரணத்தைத்தான். அபராதமும் வழக்கும் மெக்கானிக் பெயரில் வராது, ஆர்.சி. புத்தகத்தில் பெயர் உள்ளவர் தலையில்தான் விழும்.

பலம் எங்கே போகிறது?

இப்போது ஒரு கணக்கு. வண்டியும் லோடும் சேர்ந்து 2,500 கிலோ. நூறு அடிக்கு எட்டு அடி ஏறும் மேடு. முப்பது கிலோமீட்டர் வேகம். இதற்குச் சக்கரத்தில் வேண்டிய பலம் சுமார் 26 குதிரைத்திறன். கியரிலும் ஆக்சிலிலும் போவதையும் சேர்த்தால் எஞ்சின் 30 கொடுத்தால் போதும். கால் பங்கு பலம் இழந்து 45-இல் நிற்கும் பழைய எஞ்சின்கூட இதைத் தாராளமாகச் செய்யும்.

அதே மேட்டில், அதே வேகத்தில், மொத்த எடை 4,000 கிலோ என்று வைத்துக்கொள்வோம். சக்கரத்தில் 42 வேண்டும். எஞ்சினிலிருந்து 49 வர வேண்டும். 45-இல் நிற்கும் எஞ்சின் திணறும். “இழுக்க மாட்டேங்குது” என்ற குறை இங்கேதான் பிறக்கிறது. எஞ்சின் மட்டும் பலவீனமானதில்லை. சுமையும் ஒன்றரை மடங்குக்கு மேல் ஆகியிருக்கிறது.

ஏறுவதற்கு எப்படியோ பலம் கூட்டிவிட்டோம் என்றே வைப்போம். இறங்குவதற்கு? பிரேக் அதே பழைய பிரேக். கம்பெனி எழுதிக் கொடுத்த எடைக்குச் செய்தது. மலைச்சாலை வளைவில் அது கைவிட்டால் போவது வண்டி மட்டுமா?

ஓவர் லோடு ஏற்றக் கூடாது என்று யாருக்கும் தெரியாமல் இல்லை. பிடிபட்டால் 20,000 ரூபாய், அதற்கு மேல் கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய் என்கிறது சட்டத்தின் 194-ஆவது பிரிவு. தெரிந்தும் ஏன் ஏற்றுகிறார்கள்? வாடகை நடைக்கு இவ்வளவு என்று பேசிவிட்டு, வண்டி வந்து நின்றபின் இன்னும் முப்பது பெட்டி ஏற்று என்று சொல்பவரிடம் மறுத்துப் பேசும் தெம்பு, முதல் தலைமுறை ஓனருக்கு இல்லை. “முடியாதுங்க” என்றால் நாளைக்கு வேறு வண்டி வரும். ஐந்தாம் தேதி டியூ வரும். சொந்தத் தோப்போ கடையோ உள்ளவர் வண்டியை ஒரு நாள் நிறுத்தி வைக்கலாம். இந்த ஒரு வண்டியைத் தவிர வேறு சொத்தில்லாதவர் நிறுத்த முடியாது. சாதி இங்கே சட்டையைப் பிடித்துத் தள்ளுவதில்லை. கையிருப்பு இல்லாமையாக, பேரம் பேச முடியாமையாக வந்து, பெட்டியோடு பெட்டியாக வண்டியில் ஏறிக்கொள்கிறது.

இதற்குத் தனி ஆளாக வழி கிடையாது. ஒரே சந்தையில் நிற்கும் பத்துப் பதினைந்து ஓனர்கள் சேர்ந்து, ஒரு நடைக்கு இத்தனை பெட்டி, அதற்கு மேல் பெட்டிக்கு இவ்வளவு, எடை எல்லையைத் தாண்டினால் இன்னொரு வண்டி என்று ஒரே குரலில் சொன்னால், எந்த டர்போவும் கொடுக்காத பலம் அது.

மெக்கானிக் ஆக விடாத காலம்

1938 பிப்ரவரியில், இன்றைய மகாராஷ்டிரத்தில் உள்ள மன்மாட்டில் ஜி.ஐ.பி. ரயில்வேயின் ஒடுக்கப்பட்ட வகுப்புத் தொழிலாளர் மாநாடு நடந்தது. அங்கே பேசிய அண்ணல் அம்பேத்கர், ரயில்வேயில் நம் மக்கள் தண்டவாளம் பார்க்கும் கேங்மேனாகவே சேர்ந்து கேங்மேனாகவே ஓய்வு பெறுவதையும், ஒர்க் ஷாப்பில் மெக்கானிக் வேலை அவர்களுக்கு ஏறக்குறைய எட்டாக்கனியாக இருப்பதையும் எடுத்துச் சொன்னார். பஞ்சாலையில் நெசவுப் பிரிவு மூடப்பட்டிருந்த கதையும் அதில் வந்தது. இயந்திரத்தைச் சுமக்கலாம், துடைக்கலாம். திறந்து பார்க்கக் கூடாது என்பதுதான் அன்றைய எழுதாத விதி.

இன்று அந்த விதி இல்லை. ஆனால் நம் ஓனர்களில் பலர் வண்டியை மெக்கானிக்கிடம் விட்டுவிட்டு டீக்கடையில் உட்கார்ந்துவிடுகிறார்கள். பக்கத்தில் நின்று பார்ப்பதும், எதை ஏன் மாற்றுகிறாய் என்று கேட்பதும், கழற்றிய பழைய பாகத்தைக் கையில் வாங்கிப் பார்ப்பதும் நம் உரிமை. திருகைத் தொடும் கையைத் தடுக்க, அந்தத் திருகு என்ன செய்யும் என்று தெரிந்திருக்க வேண்டும்.

பிள்ளைகளில் ஒருவரை இந்தத் தொழிலை முறையாகப் படிக்க வைப்பது இன்னும் நல்லது. தொழிற்பயிற்சி நிலையங்களில் ‘மெக்கானிக் டீசல்’ ஓராண்டுப் படிப்பு. காலனிக்குள் கேஜும் நாசில் டெஸ்டரும் வைத்த ஒரு பட்டறை இருந்தால், பத்து வண்டிகள் ஃபைனான்ஸ்காரரிடம் போகாமல் தப்பும்.

வண்டியே ஆயுள் முடிந்ததென்றால், அதில் மேலும் மேலும் பணத்தைக் கொட்டாமல் அரசுத் திட்டங்களைக் கேட்டுப் பார்க்கலாம். 1974-இல் தொடங்கிய தாட்கோ வழியாக நடக்கும் முதலமைச்சரின் சமூகப் பொருளாதார மேம்பாட்டுத் திட்டத்தில், திட்டத் தொகையில் 35 சதவீதம் அல்லது மூன்றரை லட்சம் ரூபாய், எது குறைவோ அது மானியம். கடன் வட்டியில் 6 சதவீத மானியமும் உண்டு. கொஞ்சம் பெரிதாக, நான்கைந்து பேர் சேர்ந்து யோசித்தால் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் இருக்கிறது. அதற்கு மாவட்டத் தொழில் மையத்தை அணுக வேண்டும். எந்த வண்டிக்குப் பொருந்தும், என்ன சான்று வேண்டும் என்பதை முன்பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டுக்கொள்வது அவசியம்.

அதுவரை இருக்கிற வண்டியைக் காப்பாற்றுவோம். ஏர் கிளீனரைத் தட்டுங்கள். நாசிலைச் சோதியுங்கள். மேட்டில் வேகத்தைக் குறையுங்கள். முப்பதில் ஏற 26 குதிரைத்திறன் கேட்கும் லோடு, இருபதில் ஏற 17-தான் கேட்கும். டர்போ வண்டியை மேடேறி நிறுத்தியதும் சாவியைத் திருப்பாமல் ஒரு நிமிடம் சும்மா ஓட விடுங்கள். முப்பது பெட்டி கூட ஏற்றச் சொன்னால், பக்கத்து வண்டிக்காரரையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு பதில் சொல்லுங்கள்.

என் அண்ணன் இப்போதும் டிரைவர்தான். அடுத்த வண்டிக்குப் பணம் சேர்க்கிறார். இந்த முறை பம்ப் சீலை உடைக்க யாரையும் விடமாட்டேன் என்கிறார்.